மூக்குத்தியும் சிபாப் மெஷினும்: முதல் மாதத்து மூக்குப் புண்ணைச் சமாளிக்கும் வழி

தூங்கும்போது போட்டுக்கொள்ளும் சிபாப் மெஷின் வந்த மூன்றாம் நாள் காலையில் முகம் கழுவும்போது மூக்கோரத்தில் சோப்பு பட்டது. உயிர் போய் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு நாசித் துவாரத்தின் விளிம்பும் சிவந்து, இடது பக்கம் தோல் உரிந்திருந்தது. மூக்கைச் சிந்தினால் சளியோடு மெல்லிய ரத்தக் கோடு. மெஷினை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுவது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன். ஏற்றவிடாமல் தடுத்தது என் வீட்டுக்காரர். கல்யாணமான இத்தனை வருஷத்தில் மெஷின் வந்த அந்த இரண்டு ராத்திரிதான் அவர் விடியும்வரை தூங்கினாராம்.

எனக்கு 57 வயது. மதுரையில் ஒரு வங்கியில் கேஷியர். நோட்டு எண்ணும்போதே கண் சொருகி, எண்ணியதையே மறுபடி எண்ணும் நிலைக்கு வந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். தூக்கத்தில் மூச்சைக் கவனிக்கும் ஸ்லீப் ஸ்டடி சோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று வந்தது. 30 என்பதே கடுமையான கணக்கு. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழலை அடைக்கிறது, சிபாப் மெஷின் காற்றை அழுத்தி அனுப்பி அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் குழாயும் மாஸ்க்கும் வழியாக வரும் அந்தக் காற்று முழுக்க மூக்கு வழியாகத்தான் போகிறது. ராத்திரி முழுக்க வாசற்கதவைத் திறந்து போட்டால் வாசற்படி தேயத்தான் செய்யும்.

ஆஸ்திரேலியாவில் காலின் சலிவன் என்ற டாக்டர் 1980-ல் இதை முதலில் செய்துபார்த்து, 1981-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அந்தக் காலத்து நோயாளிகள் மாஸ்க்கைப் பசை போட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். அதைப் படித்ததும் என் மூக்கின்மேல் எனக்கிருந்த பரிதாபம் பாதி குறைந்தது.

வெளியே உரசலா, உள்ளே வறட்சியா

முதலில் இதைக் கண்டுபிடியுங்கள். நான் இதைப் பார்க்காமல் இரண்டு வாரம் வீணாக்கினேன். கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு விரல் நுனியால் மூக்குத் துவாரத்தின் விளிம்பையும், மேலே மூக்குத்தண்டையும் மெதுவாகத் தொடுங்கள். தொட்ட இடத்தில் சுரீர் என்றால் மாஸ்க் உரசுகிறது. தொட்டால் ஒன்றுமில்லை, ஆனால் உள்ளே மிளகாய்நெடி ஏறியதுபோல் எரிகிறது, காலையில் அடுக்குத் தும்மல், காய்ந்த பொருக்கு, மூக்கடைப்பு என்றால் காற்று உள்தோலைக் காயவைக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உரசலுக்கு, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரை எத்தனை கூட்டினாலும் பிரயோஜனம் இல்லை. வறட்சிக்கு மாஸ்க்கை மாற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் போகும். எனக்கு இரண்டும் இருந்தன.

உரசல்

எனக்குக் கொடுத்தது நாசித் துவாரத்தில் இரண்டு மெத்துமெத்தென்ற சிலிகான் முனை பொருந்தும் வகை. பில்லோ மாஸ்க் என்கிறார்கள். முகத்தை மூடாது, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம், நல்ல சாமான்தான். ஆனால் நான் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவள். மூக்குத்தியின் திருகாணி இருப்பது துவாரத்துக்கு உள்ளே. சிலிகான் முனை திருகாணியை அழுத்தும், திருகாணி தோலை அறுக்கும், நடுவில் காற்றும் கசியும். மாஸ்க் பொருத்திக் காட்டிய பையனுக்கு இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பதினாலு வயதிலிருந்து போட்டிருக்கிறேன், அது என் மூக்கிலேயே ஒரு பாகம் ஆகிவிட்டது.

ராத்திரி மட்டும் கழற்றிவைப்பதுதான் வழி. மூக்குத்தி ஓட்டை தூர்ந்துவிடுமோ என்று பயந்தேன். பல வருஷமாகப் போட்டிருப்பவர்களுக்கு ஒரு ராத்திரியில் தூராது. காலையில் எழுந்ததும் போட்டுவிடுகிறேன், தடையில்லாமல் போகிறது. புதிதாகக் குத்தியவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என் அம்மாதான் ஒப்பவில்லை. "புருஷன் இருக்கையில மூக்கைக் காலியா வச்சுக்கிட்டுப் படுப்பாகளாடி?" என்றாள். இவர் குறுக்கே புகுந்து, "அத்தை, அவ மூச்சு நிக்காம இருந்தாத்தான எனக்கும் உசுரு" என்றார். அம்மா அதற்கு மேல் பேசவில்லை. இப்போது ஊரிலிருந்து வந்தால் ஒன்பதரைக்கு மஞ்சள் கிண்ணத்தை அவளே எடுத்து நீட்டுகிறாள், மூக்குத்தியைக் கழற்றிப் போட.

மூக்குத்தி இல்லாதவர்களுக்கும் பில்லோ உரசும். பெரும்பாலும் அளவுதான் தப்பு. சின்ன அளவு முனை துவாரத்துக்குள் ஆழமாக ஏறி விளிம்பை அறுக்கும். முனை உள்ளே நுழையக் கூடாது. வாசலில் உட்கார்ந்து அடைக்க வேண்டும். பெட்டியிலேயே இரண்டு மூன்று அளவு வைத்திருப்பார்கள், அதையெல்லாம் போட்டுப் பாருங்கள். எனக்கு நடு அளவிலிருந்து பெரியதற்கு மாறிய பிறகுதான் உரசல் நின்றது.

அடுத்த எதிரி வார். காற்று கசிந்தால் கை தானாக வாரை இறுக்கப் போகும். நானும் இறுக்கினேன், இன்னும் இறுக்கினேன். இறுக்கினால் சிலிகான் நசுங்கிச் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் வழியாக இன்னும் கசியும், தோலும் போகும். சரியான முறை இது: முகம் கழுவித் துடையுங்கள். மாஸ்க்கைப் போட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து அளவு பார்ப்பதில் அர்த்தமில்லை, படுத்தால் முகச்சதை வேறு மாதிரி விழும். மெஷினைப் போட்டுக் காற்று வரும்போது மாஸ்க்கை ஓர் அங்குலம் முன்னால் இழுத்து மெதுவாக விடுங்கள், தானாக உட்காரும். அதன் பிறகு வாரைக் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். காலையில் கழற்றி அரை மணி கழித்தும் சிவப்புத் தடம் மறையவில்லை என்றால் இறுக்கம் அதிகம்.

நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு விஷயம். தலைக்கு எண்ணெய் வைத்த ராத்திரி வார் வழுக்கும். வழுக்கினால் மாஸ்க் நகரும், நகர்ந்தால் உரசும். எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். கொண்டை போட்டுப் படுத்தாலும் வார் சரியாக நிற்காது, தளர்ந்த பின்னல்தான் சரி.

புரண்டு படுக்கும்போது குழாய் இழுத்தாலும் மூக்குதான் அடி வாங்கும். கட்டில் தலைமாட்டு ஜன்னல் கம்பியில் ஒரு ரிப்பனைக் கட்டி, குழாயை அதில் தொங்கவிட்டிருக்கிறேன். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் குழாய் கூடவே வரும்.

சிலிகான் முனையைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரிலும் வாசனையில்லாத மென்மையான சோப்பிலும் கழுவி நிழலில் காயவையுங்கள். முகத்து எண்ணெய் படிந்த சிலிகான்தான் புண்ணை ஆறவிடாது. கிருமிநாசினியில் ஊறப்போடும் வேலை வேண்டாம், அந்த நெடி ராத்திரி முழுக்க உங்கள் மூக்குக்குள்தான் போகும்.

எண்ணெய் என்ற தப்பு

புண் என்றதும் எங்கள் வீட்டில் கை போவது தேங்காயெண்ணெய்க் கிண்ணத்துக்கு. நான் விளிம்பில் தடவியதோடு நிற்காமல் உள்ளேயும் இரண்டு சொட்டு விட்டேன். டாக்டர் அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினார். மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குப் போனால் அங்கே தங்கி ஒரு வகை நிமோனியா வரலாம். தினமும் விட்டு, மேலே காற்றழுத்தமும் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். வாஸ்லின் வகையறாவும் அப்படித்தான், கூடவே மாஸ்க்கையும் கெடுக்கும். ஆக்ஸிஜன் சேர்த்து எடுப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

அதற்குப் பதில் உப்புநீர் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், தண்ணீர் அடிப்படையில் செய்தது. படுக்கும் முன் விளிம்பில் மெல்லிசாகத் தடவலாம். வெளித்தோல் வெடித்திருந்தால், பால் கொடுக்கும் தாய்மார் பூசும் லானோலின் களிம்பைக் காலையில் மாஸ்க்கைக் கழற்றிய பின் பூசி, ராத்திரி முகம் கழுவித் துடைத்துவிட்டு மாஸ்க் போடுவேன். மகள் பிரசவத்துக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

வறட்சி

ஹியூமிடிஃபையர் என்பது மெஷினோடு சேர்ந்த தண்ணீர்த்தொட்டி. தண்ணீரைச் சூடாக்கி, போகும் காற்றில் ஈரம் சேர்க்கும். நான் முதல் வாரம் அதைப் பயன்படுத்தவே இல்லை. கரண்ட் மிச்சம், மதுரை வெயிலுக்குச் சூடு வேறு எதற்கு என்று நினைத்தேன். ஏசி போட்ட அறையில் காற்று எத்தனை காய்ந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. என் மெஷினில் 1 முதல் 8 வரை இருக்கிறது. 3-ல் ஆரம்பித்து, இரண்டு ராத்திரிக்கு ஒரு படி கூட்டி, 5-ல் எரிச்சல் நின்றது. ஒரே நாளில் 8-க்குப் போகாதீர்கள். குழாயில் நீர் கோத்து, நடுராத்திரி மூக்கில் சளக்கென்று விழும். நீர் கோத்தால் மெஷினைத் தலை மட்டத்துக்குக் கீழே வையுங்கள், ஏசியை இரண்டு டிகிரி ஏற்றுங்கள், குழாய்க்கு உறை போடுங்கள். பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து நானே தைத்தேன். கடையில் விற்கும் உறையைவிட அழகாகவே இருக்கிறது.

தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் வெள்ளை உப்புப் படிகிறது. ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். ஊருக்குப் போன இடத்தில் வேறு வழியில்லாவிட்டால் அதைக் காய்ச்சி ஆறவைத்து ஒரு நாள் இரண்டு நாள் ஓட்டலாம். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைச் சிலர் சொல்வார்கள். மூச்சில் போவதற்கென்று தயாரித்ததில்லை, மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். காலையில் மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் கழுவிக் காயவைக்க வேண்டும். சளி பிடித்தால் நீலகிரித் தைலத்தை அதில் இரண்டு சொட்டு விடலாமே என்று தோன்றும். விடாதீர்கள்.

படுக்கப் போவதற்கு அரை மணி முன்னால் உப்புநீர் ஸ்பிரே இரண்டு அடி, காலையில் கழற்றியதும் இரண்டு அடி. மருந்து எதுவும் இல்லாத வெறும் உப்புநீர்தான், எத்தனை நாளும் அடிக்கலாம். மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவும் ஜலநேதி பழக்கம் இருப்பவர்கள் குழாய்த் தண்ணீரில் செய்யவே வேண்டாம். 2024-ல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தியில் அடிபட்டது இப்படி மூக்கு வழியாக ஏறுவதுதான். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், அல்லது டிஸ்டில்டு வாட்டர்.

இத்தனையும் செய்த பிறகும் காலையில் வாய் பொரிமாவு தின்றதுபோல் இருந்தால், ராத்திரி வாய் திறந்துகொள்கிறது. மூக்கில் நுழையும் காற்று வாய் வழியாகத் தப்பி ஓடும். சாதாரணமாக வெளிவிடும் மூச்சுதான் மூக்குக்கு ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும். அது வாய் வழியே போய்விட்டால் மூக்குக்குச் செலவு மட்டும்தான், வரவு இல்லை. கேஷியருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உள்தோல் காய்ந்து வீங்கும், வீங்கினால் அடைக்கும், அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். தாடையைத் தாங்கும் பட்டை சிலருக்கு உதவும். இல்லாவிட்டால் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க்குக்கு மாற வேண்டும். வாயில் டேப் ஒட்டும் வீடியோக்களைப் பார்த்து நீங்களாக ஒட்டிக்கொள்ளாதீர்கள். மூக்கும் அடைத்து வாந்தியும் வந்தால் என்ன செய்வீர்கள்?

சொட்டு மருந்தும் டாக்டரும்

மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கேட்டவுடன் தரும் சைலோமெட்டாசொலின், ஆக்ஸிமெட்டாசொலின் சொட்டு மருந்து ஐந்து நிமிஷத்தில் மூக்கைத் திறந்துவிடும். மூன்று நாளுக்கு மேல் போடாதீர்கள். விட்டதும் முன்பைவிட மோசமாக அடைக்கும், அதற்காகத் திரும்பவும் போடுவீர்கள். என் சக ஊழியர் ஒருவர் சட்டைப்பையில் அந்தப் பாட்டிலோடுதான் அலைகிறார், எட்டு வருஷமாக. நீண்ட நாள் அடைப்புக்கு டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தந்தால், வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை என்று பிடித்து, முனை காதுப்பக்கம் பார்க்க அடியுங்கள். நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் ரத்தம் கசியும்.

ரத்தம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பாகத்தைப் பத்து நிமிஷம் விடாமல் பிடியுங்கள். இருபது நிமிஷமாகியும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடுபோல் வந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மூக்கு நுனி வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ், காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எப்போதும் அடைத்தால் மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்கட்டும். மெஷினின் அழுத்தத்தை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள். ஆரம்பத்தில் மெதுவாக ஏறும் 'ராம்ப்' வசதியைப் போட்டுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.

புண் ஆறும்வரை மெஷினை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். அதற்குப் பதில் வேறு வகை மாஸ்க் ஒன்று கொடுத்தார்கள், மூக்கின்மேல் கவிழும் தொப்பி மாதிரி. அது துவாரத்தைத் தொடாது. ஒரு வாரம் அதைப் போட்டேன், விளிம்பு ஆறியது, மூக்குத்தண்டு சிவக்க ஆரம்பித்தது, திரும்பவும் பில்லோவுக்கு வந்தேன். இன்றும் இரண்டும் வைத்திருக்கிறேன். ஒன்று கடித்தால் மற்றது.

கரண்ட் போகும் ராத்திரிக்கு ஒன்று. இன்வெர்ட்டரில் ஓடும்போது ஹியூமிடிஃபையரின் சூடுதான் பேட்டரியைக் குடிக்கும். அதை அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட்டுங்கள், தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும், படுக்கும் முன் உப்புநீர் ஸ்பிரேயை ஒரு அடி கூடுதலாக அடித்துக்கொள்ளுங்கள். காலையில் கொஞ்சம் எரியும். அடுத்த ராத்திரி சரியாகிவிடும்.