முதல் கிளாசிக் பிஸ்டல் வாங்கப் போகிறவருக்கு

நான் முதலில் வாங்கிய பிஸ்டல் பார்க்க அவ்வளவு அழகு. 1911 என்ற பழைய மாடலின் வடிவம், மூன்றரை அங்குலக் குழல், .45 (அங்குலக் கணக்கில் குண்டின் அளவு) தோட்டா, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருக்கும். இரண்டாவது தடவை சுடுதளத்துக்குக் கொண்டுபோனபோதே அது என் மானத்தை வாங்கிவிட்டது. ஒரு தோட்டா உள்ளே போகாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்தால், அடுத்த முறை வெளியே தெறிக்க வேண்டிய காலிக் கூடு ஸ்லைடின் (சுடும்போது பின்னே போய் வரும் மேல்பாகம்) வாயில் மாட்டிக்கொள்ளும். ஒன்பது மாதம் மல்லுக்கட்டிவிட்டு, முறைப்படி கைமாற்றிவிட்டேன். அடுத்து வாங்கியது ஐந்து அங்குலக் குழல், முழு எஃகு, எந்த அலங்காரமும் இல்லாத 9 மி.மீ. 1911. பத்து வருடமாக அதுதான் என்னிடம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் இடத்துச் சட்டம் எந்தத் தோட்டாவுக்கு லைசென்ஸ் தருகிறது என்று தெரியாமல் மாடல் பார்க்கத் தொடங்காதீர்கள். சில நாடுகளில் 9 மி.மீ., .45 போன்ற ராணுவத் தோட்டாக்கள் பொதுமக்களுக்குக் கிடையாது. ஆசைப்பட்ட பிறகு தெரிந்தால் மனசு கஷ்டப்படும்.

கிளாசிக் என்று நான் சொல்வது உலோக உடம்பு, பின்னால் கண்ணுக்குத் தெரியும் சுத்தி, பிளாஸ்டிக் இல்லாத பழைய வடிவம். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல்தான் இதில் தாத்தா. அந்த ராணுவம் 1985-இல் பெரெட்டா 92-ஐத் தேர்ந்தெடுக்கும்வரை அதுவே ஓடியது. பிரௌனிங் 1926-இல் இறந்தபோது பாதியில் நின்ற வேலையை பெல்ஜியத்தில் தியூதொனே சைவ் முடித்தார். அது 1935-இல் 13 தோட்டா மேகசினுடன் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) வந்த ஹை-பவர். பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் ஃபிரான்டிஷெக் கௌட்ஸ்கி வடிவமைத்த சிஇஸட் 75. முதல் துப்பாக்கிக்கு இந்த நாலுக்குள்ளும் இவற்றைப் பார்த்துப் பலர் செய்யும் நகல்களுக்குள்ளும் தேடினால் போதும்.

பழைய ஜெர்மன் பிஸ்டலான லூகர் பி08-ஐ ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். முழங்கால் மாதிரி மடங்கி நிமிரும் அந்த மேல்மூட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அசல் லூகரின் மதிப்பே அதன் பாகங்களில் உள்ள எண்கள் எல்லாம் ஒத்துப்போவதில் இருக்கிறது. ஒரு சின்ன பாகம் உடைந்து வேறு மாட்டினால் மதிப்பு பாதியில் போய்விடும். சுட்டுப் பழக வேண்டியவருக்கு அது எதற்கு? பழைய தோகரெவ் டிடி-33 இன்னொரு ரகம்: உறுதியான துப்பாக்கிதான், ஆனால் அசல் வடிவத்தில், தவறி வெடிக்காமல் தடுக்கக் கையால் போடும் சேஃப்டியே கிடையாது. புதியவருக்கு வேண்டாம்.

சரி, குழல் நீளம். நான் பட்ட இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1911-இன் குழல் ஒரு சிறிய இணைப்பில் தொங்குகிறது. சுட்டதும் குழலும் ஸ்லைடும் சேர்ந்தே சிறிது தூரம் பின்னே போகும்; பிறகு அந்த இணைப்பு குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுக்க, இரண்டையும் பிணைத்த பூட்டு விடுபட்டு ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போகும். போகிற வழியில் காலிக் கூட்டை வெளியே எறிய வேண்டும், அதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளிவிட வேண்டும், திரும்பி வரும் ஸ்லைடு அதைப் பிடித்து உள்ளே ஏற்ற வேண்டும். இந்தக் கணக்கு முழுவதும் ஐந்து அங்குலக் குழலுக்காகப் போட்டது. மூன்றரை அங்குலத்தில் ஸ்லைடு இலேசாகிறது, ஓடும் தூரம் குறைகிறது, அதை ஈடுகட்ட ஸ்பிரிங்கை விறைப்பாக்குகிறார்கள். வேகம் கூடுகிறது, அவகாசம் குறைகிறது. மேகசின் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தாலே ஆட்டம் முடிந்தது. நன்றாக ஓடும் குட்டை 1911-களும் இருக்கின்றன. ஆனால் சிக்கல் வந்தால் அது துப்பாக்கியிலா, மேகசினிலா, உங்கள் பிடியிலா என்று புதியவரால் கண்டுபிடிக்க முடியாது. எனவே ஐந்து அங்குலம். மிஞ்சிப்போனால் நாலே கால்.

தோட்டா விஷயத்தில் 1911 என்றால் .45 தான் என்று அடித்துப் பேசும் ஆட்கள் எல்லா சுடுதளத்திலும் உண்டு. வழக்கமான .45 குண்டு 230 கிரெய்ன், அதாவது சுமார் 15 கிராம். நொடிக்கு ஏறக்குறைய 250 மீட்டர் வேகத்தில் போகும். 9 மி.மீ. குண்டு சுமார் ஏழரை கிராம், 350 மீட்டர். காலியாகவே 1.1 கிலோ இருக்கும் எஃகுத் துப்பாக்கியில் .45 ஒரு நிதானமான பெரிய தள்ளு, 9 மி.மீ. ஒரு சின்னத் தட்டு. சுடுதலில் கெடுதல் எல்லாம் உதைப்புக்குப் பயந்து, சுடும் கணத்துக்கு முன்பே கையை இறுக்கிக் குழலைக் கீழே சாய்ப்பதில்தான் தொடங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிக்க மாதக்கணக்காகும். எனக்கு ஆனது. பொதுவாக 9 மி.மீ. தோட்டா விலையும் குறைவு என்பதால் அதிகம் சுட்டுப் பழகலாம்.

இப்போது கை. எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும் மேகசினை வெளியே எடுத்து, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். கொடுத்தவர் இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னாலும் நீங்களும் பாருங்கள். பிறகு அனுமதி கேட்டு, ஆபத்தில்லாத திசையில் நீட்டிப் பிடித்துக் கண்ணை மூடுங்கள். கையைத் தளரவிட்டு மறுபடி உயர்த்திக் கண்ணைத் திறந்தால், குறிபார்க்கும் முன்முனை பின்பள்ளத்துக்கு நடுவில் நிற்கிறதா, மேலே ஏறிவிட்டதா, கீழே தொங்குகிறதா? 1911-இல் பிடியின் பின்பகுதி தட்டையாகவும் வரும், வளைந்தும் வரும். அதை மாற்றிவிட்டாலே குறி ஏறி இறங்கும்.

அடுத்து விரல். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிகரின் நடுவில் உட்கார வேண்டும். அதற்காக உள்ளங்கையைச் சுற்றித் திருப்ப வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கில்லை. இது புதிய பிரச்சினை அல்ல. முதல் உலகப்போரில் கிடைத்த அனுபவத்தில்தான் 1920-களில் 1911ஏ1 வந்தது: ட்ரிகரைக் குட்டையாக்கி, அதன் பின்னால் பிரேமின் (ஸ்லைடைத் தாங்கும் கீழ் உடம்பு) இரு பக்கமும் விரலுக்கு இடம் கொடுத்துச் செதுக்கினார்கள். என் கை சிறியது. குட்டை ட்ரிகரும் மெல்லிய பக்கத் தகடுகளும் மாட்டிய பிறகுதான் என் பிஸ்டல் என் கைக்கு வந்தது. சிஇஸட் 75, பெரெட்டா 92 இரண்டிலும் சுத்தி கீழே இருக்கும்போது முதல் இழுப்பு நீளம், விரலும் அதிக தூரம் எட்ட வேண்டும். அந்த நிலையில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்லைடை இழுக்கச் சிரமமாக இருந்தால் முதலில் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்குச் சாய்த்துவிட்டு இழுங்கள். பாதி பாரம் குறைந்தது போலிருக்கும். சிஇஸட் 75-இல் ஸ்லைடு பிரேமுக்கு உள்ளே ஓடுகிறது, அதனால் பிடித்து இழுக்க வெளியே கிடைக்கும் இடம் கம்மி. வியர்த்த கையோடு இழுத்துப் பாருங்கள், தெரியும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையை மறந்துவிடாதீர்கள். பழைய பாணி 1911, ஹை-பவர் இரண்டிலும் பின்னே வரும் சுத்தி அதைக் கடிக்கும். யாரோ கொடுத்த ஒன்றில் ஐம்பது சுட்ட நாளில் எனக்கு இரத்தமே வந்தது. பின்பக்கம் வால் போல நீண்டு வளைந்த பிடி-சேஃப்டி உள்ள மாடல் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கட்டைவிரலை உயர்த்தி வைத்துப் பிடிக்கும்போது உள்ளங்கை அந்தப் பிடி-சேஃப்டியை முழுதாக அழுத்துகிறதா என்று பாருங்கள். அழுத்தாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. இடக்கைக்காரர்களுக்கு இருபக்கமும் சேஃப்டி உள்ளதுதான் வேண்டும்.

நிறம், பூச்சு, செதுக்கு வேலை எல்லாம் உங்கள் இஷ்டம். குறிமுனை மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கட்டும். பழைய மாடல்களில் அது எள்ளளவுதான் இருக்கும்.

பழையதை வாங்குவதானால் ஒரு சின்ன டார்ச்சோடு போங்கள். ஸ்லைடைக் கழற்றச் சொல்லிக் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும்போது, உள்ளே வளையம் போல இருண்ட கோடு தெரிந்தால் என்றோ ஒரு குண்டு குழலிலேயே தங்கி, பின்னாலேயே அடுத்ததும் சுடப்பட்டிருக்கிறது. அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள். உடம்பில் பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் தேய்த்து மெருகேற்றி மறுபடி பூச்சு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். சுடுவதற்கு அது குற்றமில்லை, விலை பேசும்போது நினைவிருக்கட்டும். குலுக்கினால் ஸ்லைடு லேசாகக் கடகடப்பதும் பெரிய விஷயமில்லை. ஆனால் மூடிய நிலையில், கூடு வெளிவரும் வாய் வழியாகக் குழலின் பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அது கீழே அமுங்கி எழுந்தால் பூட்டு தளர்ந்திருக்கிறது.

பிறகு 1911-இன் சேஃப்டிச் சோதனை. காலி என்று மறுபடி பார்த்துவிட்டு, சுத்தியை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை அழுத்தமாக இழுத்து விடுங்கள். ஒன்றும் நடக்கக் கூடாது. சேஃப்டியை எடுங்கள், அப்போதும் சுத்தி அசையக் கூடாது. குழல் ஆபத்தில்லாத பக்கம் இருக்க, சுத்தியை விரலால் இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் காது கொடுங்கள். ‘டிக்’ என்று ஒரு சின்ன சத்தம் கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே உள்ளே சுத்தியைப் பிடித்து நிறுத்தும் பிடிப்பான் நகர்ந்திருக்கிறது. அப்படிப்பட்டதைத் துப்பாக்கி மெக்கானிக் பார்க்காமல் வாங்கக் கூடாது. அடுத்து ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னே பிடித்துக்கொண்டு ட்ரிகரை இழுங்கள், சுத்தி விழக் கூடாது. பிடி-சேஃப்டியை அழுத்தாமல் இழுத்தாலும் விழக் கூடாது. ஒரு மரியாதை: வெறும் அறைமேல் ஸ்லைடைப் படாரென்று விடாதீர்கள். 1911 வைத்திருப்பவர் யாருக்கும் அது பிடிக்காது.

ஸ்லைடு கையில் இருக்கும்போதே ஒரு காலிக் கூட்டைக் கூடிழுக்கும் கொக்கிக்கு அடியில் செருகி மெல்ல ஆட்டுங்கள். பொத்தென்று விழுந்தால் கொக்கியின் பிடி போதாது. பழைய வடிவத்தில் அந்தக் கொக்கியே ஒரு நீளமான ஸ்பிரிங் எஃகுத் துண்டு; விவரம் தெரிந்தவர் வளைத்துச் சரிசெய்துவிடுவார்.

மேகசின் நல்லதாக நாலு வாங்குங்கள், எண் எழுதி ஒட்டுங்கள். சிக்கல் வந்தால் எந்த எண்ணில் வந்தது என்று குறித்துவைத்தால், பெரும்பாலும் குற்றவாளி துப்பாக்கி அல்ல என்பது தெரிந்துவிடும். ஸ்லைடுக்கான உதைப்பு ஸ்பிரிங் ஒன்றும் கூடுதலாக இருக்கட்டும்.

வாங்கும் முன் கழற்றி மாட்டத் தெரிந்துகொள்ளுங்கள். 1911-இல் முன்பக்க வளையத்தைத் திருப்பும்போது ஸ்பிரிங் மூடியைக் கட்டைவிரலால் அமுக்காவிட்டால் அது கூரைக்குப் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்லைடு நிறுத்தியை அவசரமாக நெம்பினால் பிரேமில் அரைவட்டமாக ஒரு கீறல் விழும். என்னுடையதிலும் இருக்கிறது, முதல் வாரத்திலேயே போட்டது.

வீட்டில் பூட்டும் பெட்டி தயாராகும்வரை துப்பாக்கி வீட்டுக்கு வரக் கூடாது. தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. சுடுதளத்தில் காதுக்கும் கண்ணுக்கும் காப்பு. முடிந்ததும் ஈயம் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

அப்புறம் முதல் நாள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். சுட்டதும் ஸ்லைடு பின்னால் நிற்க வேண்டும். இதை ஐந்து முறை செய்தபின் இரண்டு தோட்டா: ஒரு இழுப்புக்கு ஒன்றுதான் வெடிக்கிறதா என்று பார்க்கத்தான் இது. உள்ளே தேய்ந்துபோன பிஸ்டல் சில சமயம் இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடும். அப்படி ஆனால் அன்றைக்கு அவ்வளவுதான், பெட்டியில் வைத்து நேரே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஆகவில்லையென்றால் மேகசினை நிரப்பலாம்.