“இப்ப சுகம்தானே?”: இதய மருந்தில் வீட்டார் விடும் தவறுகள்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (இதயக் குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் கம்பிவலை) வைத்தவர் ஆறு மாதத்தில் பழையபடி வயலுக்குப் போவார். என் மாமாவும் அப்படித்தான். வேளாண்மை வெட்டுக்கு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள வாடிக்கு (வயல் குடிலுக்கு) போனவர் குளிசை உறைகளை வீட்டிலேயே விட்டுவிட்டார். கேட்டால், “இப்ப சுகம்தானே, மறுகா என்னத்துக்கு?” என்றார். அதற்கு நாங்களும் தலையாட்டினோம். பெரிய தவறு அது.

அவர் சுகமாக இருந்ததே குளிசையால்தான். கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தினால் சில கிழமைகளிலேயே கொலஸ்ட்ரோல் பழைய அளவுக்கு ஏறிவிடும். நோவும் இராது, அறிகுறியும் இராது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொடுப்பது அந்தக் கம்பிவலைக்குள் இரத்தம் கட்டியாகாமல் இருக்க. இரண்டையும் எத்தனை மாதம் குடிக்க வேண்டும் என்பதை டொக்டர்தான் சொல்வார். இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைத்து மறுபடி மாரடைப்பு வரலாம். பல்லுப் பிடுங்கப் போகும்போதும் நாமாக நிறுத்தக் கூடாது, கேட்டுவிட்டுத்தான்.

அடுத்தது, கேட்கும் விதம். “குளிசை குடிச்சீங்களா?” என்று அதட்டினால் “ஓம்” என்றுதான் பதில் வரும். “இந்தக் கிழமை எத்தனை தவறிப்போச்சு மாமா?” என்று கேட்டுப் பாருங்கள். தவறுவது எல்லாருக்கும் உள்ளதுதான் என்று தெரிந்தால் உண்மை வெளியே வரும். தவறிய ஒன்றுக்காக அடுத்த வேளை இரண்டாகக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

குளிசையின் நிறம் மாறும்போதும் குழப்பம் வரும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள்; மருந்து ஒன்றே, செய்த கொம்பனிதான் வேறு. மாமி பழைய உறையில் மிச்சம் இருந்ததையும் புதியதையும் சேர்த்தே கொடுத்துவந்தார். இரண்டு கிழமை யாருக்கும் தெரியவில்லை. பழைய உறைகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், எது எதற்குப் பதில் என்று மருந்து தருபவரிடமே கேளுங்கள்.

பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் எனலபிரில் குளிசை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். இருமுகிறது என்று நாமாக நிறுத்திவிடாமல் டொக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார்கள். உள்ளி நல்லதுதான், ஆனால் குளிசைக்குப் பதிலாகாது. நோன்போ விரதமோ பிடிப்பவர்கள் முதலே கிளினிக்கில் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாரியில் வெள்ளம் ஏறினால் படுவான்கரை வீதிகள் பல மூடிவிடும், கிளினிக் திகதியும் தவறும். கார்த்திகைக்கு முன்பே கையிருப்பை எண்ணிப் பாருங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். நெஞ்சு நோவோடு வியர்த்தால் கிளினிக் நாள் வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மாமாவின் குளிசைகள் இப்போது வாடியில் தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காலைத் தேத்தண்ணி ஊற்றும்போது கையில் படும். போன கிழமை நான் கேட்க முன்பே, “ரெண்டு தவறிப்போச்சு” என்றார்.