புதுப் படத்தைப் பட்டியலில் சேர்ப்பது எப்படி: ஒரே படம் இரண்டு இடத்தில் நின்ற கதையோடு

போன மாதம் என் படப் பட்டியலைத் திறந்தபோது 19ஆவது இடத்தில் ‘கௌரவம்’ இருந்தது. சரி, சிவாஜி இரட்டை வேடம், இருக்க வேண்டிய இடம்தான். விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனால் 58ஆவது இடத்தில் இன்னொரு ‘கௌரவம்’. அதே பெயரில் 2013இல் ராதாமோகன் இயக்கிய படம் ஒன்று உண்டு, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அதை நான் இன்னும் பார்க்கவே இல்லை. அது ‘பார்க்கணும்’ பகுதியில் சமத்தாக உட்கார்ந்திருந்தது. படம் இரண்டு, வரி மூன்று. ஒரே 1973 படத்தை நான் இரண்டு முறை எடைபோட்டு, ஒரு முறை 19, இன்னொரு முறை 58 என்று கொடுத்திருக்கிறேன்.

தங்கை சிரித்த சிரிப்பில் சிங்கப்பூரில் எங்கள் யீஷூன் புளோக்கே எழுந்திருக்கும். அன்று இரவே பட்டியலைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினேன். கட்டிய விதம்தான் இந்தப் பதிவு.

கூகுள் ஷீட்ஸில் புதுத் தாள் திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எக்ஸெல் வேண்டாமா என்றால், என் அனுபவத்தில் வேண்டாம். படம் முடிந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போதுதான் நான் பதிவேன். அதற்குக் கைத்தொலைபேசியில் சட்டென்று திறப்பதுதான் சரிப்படும்.

படி 1: தலைப்பு வரி

முதல் வரியில் இடமிருந்து வலமாக: ஐஎம்டிபி (படத் தகவல் தளம்) எண், பெயர், ஆண்டு, மொழி, நிலை, பார்த்த தேதி, இடம், குறிப்பு. எட்டு நெடுவரிசை போதும். நடிகர், இசை, ஒளிப்பதிவு என்று நீட்டினால் மூன்றாவது வாரமே அலுத்துவிடும், எனக்கு அலுத்தது.

‘நிலை’க்கு மூன்றே சொல்: பார்க்கணும், பார்த்தாச்சு, பாதியில் விட்டது. இதைக் கீழிறங்கு பட்டியலாக (‘டிராப்டவுன்’) வைத்துவிடுங்கள். கையால் அடித்தால் ஒருநாள் ‘பார்த்தாச்சு’, மறுநாள் ‘பாத்தாச்சு’ என்று ஆகும். பிறகு வடிகட்டினால் பாதிப் படம் காணாமல் போகும்.

முதல் வரியை ‘ஃப்ரீஸ்’ செய்ய மறக்காதீர்கள். செய்யாவிட்டால் வரிசைப்படுத்தும்போது தலைப்பு வரியும் படங்களோடு சேர்ந்து ஓடிவிடும்.

படி 2: படத்துக்கு அடையாள எண்

நான் விழுந்த இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெயரை நம்பிப் படத்தைச் சேர்க்கக்கூடாது. தமிழ் சினிமாவில் பெயர் என்பது கைமாறிக்கொண்டே இருக்கும் சொத்து. ‘பில்லா’ 1980, 2007. ‘பொல்லாதவன்’ 1980, 2007. ‘விக்ரம்’ 1986, 2022. ‘உத்தமபுத்திரன்’ மூன்று: 1940, 1958, 2010. நம் ஊரோடு தொடர்புள்ள ஒன்று சொல்கிறேன். ‘நினைத்தாலே இனிக்கும்’ 1979இல் பாலசந்தர் எடுத்தது, சிங்கப்பூரிலும் படப்பிடிப்பு நடந்தது. அதே பெயரில் 2009இல் ஒரு கல்லூரிக் கதை வந்தது. நான் பார்த்தது பின்னதை. ஆண்டு போடாமல் ‘பார்த்தாச்சு’ என்று குறித்துவிட்டேன். அம்மா வருடக்கணக்காகப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்த படம் பட்டியலில் எனக்குக் கண்ணில் படாமலே போனது அதனால்தான்.

ஆண்டைச் சேர்த்தால் தீராதா? பாதி தீரும். மீதிப் பாதி எழுத்தில் இருக்கிறது.

‘கௌரவம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கௌ’ என்பதை க-வுக்கு ஔகாரக் குறி போட்டு அடிக்கலாம். அது முறையான வழி. அவசரத்தில் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ எழுத்தை அடிப்பவர்களும் உண்டு. திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். நம்பாவிட்டால் ஷீட்ஸில், எழுத்தையும் குறியையும் தனித்தனியாக எண்ணும் ‘லென்’ வாய்ப்பாட்டை (ஃபார்முலா) போட்டுப் பாருங்கள். முதல் வகைக்கு 6 வரும், இரண்டாவதற்கு 7 வரும். இது போதாதென்று நாளிதழ்க்காரர்கள் ‘கவுரவம்’ என்று எழுதுவார்கள். அதற்கும் 7. ஆக, ஒரு படத்துக்கு மூன்று எழுத்துவழி.

என் வீட்டில் நடந்தது இதுதான். ஒரு வரி நான் அடித்தது. மற்றது அம்மா புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய பெயரை அப்படியே ஒட்டியது, அதில் ‘ள’ இருந்தது. இரட்டிப்பைக் கண்டுபிடிக்க நான் போட்டிருந்த வாய்ப்பாடு, ‘எல்லாம் தனித்தனிப் படம்தான்’ என்று சத்தியம் செய்தது. அதன் மேல் தப்பில்லை.

ஆங்கிலத்தில் எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே ‘நாயகன்’ என்பதையே நடுவில் ‘கே’ போட்டும் ‘ஜி’ போட்டும் எழுதுகிறார்கள்.

தீர்வு ஐஎம்டிபி எண். ஒவ்வொரு படத்தின் பக்க முகவரியிலும் ‘டிடி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்குப் பின்னால் ஏழோ எட்டோ இலக்கம் இருக்கும். மணிரத்னத்தின் ‘நாயகன்’ படத்துக்கு 0093603. செயலியில் பார்ப்பவர்கள் ‘பகிர்’ பொத்தானை அழுத்தி இணைப்பை நகலெடுத்தால் எண் அதற்குள் இருக்கும். அதை முதல் நெடுவரிசையில் ஒட்டுங்கள்.

ஒட்டும்போது அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்தே ஒட்ட வேண்டும். ‘வெறும் எண் போதுமே’ என்று நான் கெட்டிக்காரத்தனமாக வெட்டினேன். ஷீட்ஸ் அதைக் கணக்குப் போடும் எண் என்று நினைத்து முன்னால் இருந்த பூஜ்ஜியங்களைத் தின்றுவிட்டது. 0093603 வெறும் 93603 ஆனது. பழைய படங்களில்தான் பூஜ்ஜியம் அதிகம், ஆகவே பழைய படங்கள்தான் அதிகம் அடிபட்டன.

அப்புறம் முதல் நெடுவரிசைக்கு ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ போய், ‘கவுண்ட்இஃப்’ வாய்ப்பாட்டால் ஒரே எண் ஒன்றுக்கு மேல் வந்தால் சிவப்பாகும்படி வையுங்கள். இனி இரண்டாவது முறை சேர்த்தால் கட்டமே முகம் சிவக்கும். பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: தேதி

ஃபைல், செட்டிங்ஸ் போய் ‘லொக்கேல்’ என்ன என்று பாருங்கள். என் தாளில் அமெரிக்கா என்று இருந்தது. நாம் ஏப்ரல் 5 என்று நினைத்து 05/04 அடித்தால் அது மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04 அடித்தால் அப்படி ஒரு மாதமே இல்லை என்று வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். சிங்கப்பூர் என்று மாற்றிவிடுங்கள். அதற்கு முன்பே தேதிகள் போட்டிருந்தால் ஒரு பார்வை பார்த்துத் திருத்துங்கள். கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருப்பது தேதி, இடப்பக்கம் ஒட்டியிருப்பது எழுத்து, கண்ணாலேயே தெரியும்.

படி 4: எந்த இடம்?

நட்சத்திரம் கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நல்ல மனநிலையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் நான்கு. தலைவலியோடு பார்த்தால் மூன்று. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நாற்பது படம் ஒரே நான்கு நட்சத்திரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

அதைவிட இரண்டு படங்களை எதிரெதிரே வைத்துக் கேட்பது எளிது: இன்று இரவு இந்த இரண்டில் ஒன்றைத்தான் மறுபடி பார்க்க முடியும் என்றால் எதைப் போடுவேன்?

இதை எல்லாப் படங்களோடும் கேட்க வேண்டியதில்லை. நடுவிலிருந்து தொடங்குங்கள். என் பட்டியலில் இப்போது 127 படம். புதுப் படத்தை முதலில் 64ஆவது படத்தோடு மோதவிடுவேன். புதுசு ஜெயித்தால் மேல் பாதி, அடுத்து 32உடன். தோற்றால் 48. ஜெயித்தால் 40. தோற்றால் 44. ஜெயித்தால் 42. தோற்றால் 43. அதையும் ஜெயித்தால் அதன் இடம் 42க்கும் 43க்கும் நடுவில். ஏழு கேள்வி. ஒவ்வொரு கேள்வியிலும் பாதி கழிந்துவிடுவதால் 127 படத்துக்கு ஏழைத் தாண்டவே தாண்டாது. பட்டியல் இருமடங்கானாலும் கூடுதலாக ஒரே ஒரு கேள்வி. யீஷூனிலிருந்து அங் மோ கியோ போவதற்குள் முடித்துவிடலாம்.

இடம் கிடைத்ததும் ‘இடம்’ நெடுவரிசையில் 42.5 என்று போடுங்கள். கீழே இருக்கும் எல்லா எண்ணையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை வரிசைப்படுத்திவிட்டு, 1, 2, 3 என்று புதிதாக எண்ணை இழுத்துவிட்டால் அரைகளும் கால்களும் ஒழியும்.

வரிசைப்படுத்தும்போது ‘சார்ட் ஷீட்’ என்பதை அழுத்துங்கள். ‘இடம்’ நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சார்ட் ரேஞ்ச்’ போட்டால் எண்கள் மட்டும் ஏறி இறங்கும், படங்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருவன் மார்க் இன்னொருவன் ரிப்போர்ட் கார்டில் ஏறின மாதிரி. அப்படி ஆகிவிட்டால் வேறெதையும் தொடாமல் உடனே ‘அன்டூ’. மறுநாள்தான் கவனித்தீர்கள் என்றால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் முந்தைய நாள் தாளை மீட்டெடுக்கலாம்.

இன்னொன்று, இது முழுக்க என் கொள்கை: படம் பார்த்த அன்றே இடம் கொடுப்பதில்லை. தியேட்டரில் விசில் சத்தத்தோடு பார்த்த படம் அன்றிரவு முதல் பத்தில் இருக்கும், அடுத்த வாரம் எழுபதில் இருக்கும். நிலையை மட்டும் ‘பார்த்தாச்சு’ ஆக்கிவிட்டு ‘இடம்’ கட்டத்தை ஒரு வாரம் காலியாக விடுகிறேன்.

லெட்டர்பாக்ஸ்ட் இருக்க இது எதற்கு?

பார்த்த படங்களைப் பதிந்துவைக்கும் அந்தச் செயலியை நானும் வைத்திருக்கிறேன். நாட்குறிப்புக்கு அது அருமை. பட்டியலில் வரிசை எண் போடும் வசதியும் உண்டு. ஆனால் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை 127இலிருந்து 42க்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் விரல் வலிக்கும். அதனால் பதிவது அங்கே, தரவரிசை இங்கே. அதன் படத் தகவல்கள் டிஎம்டிபி என்ற தளத்திலிருந்து வருகின்றன. அந்தக் காலத் தமிழ்ப் படம் ஏதாவது கிடைக்கவில்லை என்றால் டிஎம்டிபியில் கணக்குத் தொடங்கி நாமே சேர்க்கலாம்.

மொழி நெடுவரிசை எதற்கு என்று தங்கை கேட்டாள். எரிக் கூவின் ‘மை மேஜிக்’ ஞாபகம் இருக்கிறதா? 2008இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன நம் ஊர்ப் படம். பெயர் ஆங்கிலம், உள்ளே பேசுவது பெரும்பாலும் தமிழ். கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ (2016) படத்திலும் தமிழ் உண்டு. பெயரை மட்டும் பார்த்தால் இவை தமிழ்ப் பக்கத்தில் வரவே வராது.

பின்சேர்க்கை 1: தமிழிலும் தெலுங்கிலும் வந்த படத்தை ஒன்றாகப் போடுவதா இரண்டாகவா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐஎம்டிபி எண் சொல்வதைக் கேளுங்கள். ராஜமௌலியின் 2012 படம் நமக்கு ‘நான் ஈ’, அவர்களுக்கு ‘ஈகா’. எண் ஒன்றுதான், வரியும் ஒன்றுதான். கௌதம் மேனனின் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வும் தெலுங்கு ‘ஏ மாய சேசாவே’வும் ஒரே கதை என்றாலும் நடிகர்கள் வேறு, எண்ணும் வேறு, ஆகவே இரண்டு வரி. (மௌலி, கௌதம் இரண்டிலும் அதே ‘ௌ’. இயக்குநர் பெயரைத் தேடும்போதும் இதே தொல்லை வரும், சொல்லிவிட்டேன்.)

பின்சேர்க்கை 2: ‘மறுபடி பார்ப்பேனா’ என்ற கேள்வி அநியாயம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மனத்தைப் பிசையும் படத்தை யார் வெள்ளிக்கிழமை இரவு போடுவார்கள், அதற்காக அது மட்டமா என்கிறார். நியாயம்தான். அப்படிப்பட்ட படத்துக்கு மட்டும் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: இரண்டில் ஒன்று உலகத்திலிருந்தே அழிந்துபோகும் என்றால் எதைக் காப்பாற்றுவேன்? இப்படிக் கேட்டதில் மூன்று படங்கள் முப்பது இடம் மேலே ஏறின.

பின்சேர்க்கை 3: தாளை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்ஸெலில் திறந்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியும் கொக்கியுமாக வருகிறது என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ போய், கோப்பைக் காட்டி, ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் தமிழாகவே வரும். அதற்கு முன்பே கொக்கிகளோடு சேமித்துவிட்டவர்கள் அந்தக் கோப்பை அழித்துவிட்டு ஷீட்ஸிலிருந்து மறுபடி இறக்குங்கள்.