விண்டோஸ் தேடல் இன்டெக்ஸ்: இருக்கும் இடமும் இடம் மாற்றும் முறையும்

சி டிரைவில் காரணம் தெரியாமல் இடம் குறைந்துகொண்டே போனால், பார்க்க வேண்டிய இடங்களில் தேடல் இன்டெக்ஸும் (கணினியில் தேடும்போது சட்டென்று விடை தர விண்டோஸ் சேர்த்து வைக்கும் ஃபைல் பட்டியல்) ஒன்று. அது இருக்கும் பாதை: சி டிரைவ் → புரோகிராம்டேட்டா → மைக்ரோசாஃப்ட் → சர்ச் → டேட்டா → அப்ளிகேஷன்ஸ் → விண்டோஸ். புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்தால்தான் கண்ணில் படும். டேட்டாவுக்குள் போகும்போது அனுமதி இல்லை என்று வந்தால், அட்மின் கணக்கில் கன்டினியூ கொடுங்கள்.

விண்டோஸ் 10இல் அங்கே 'விண்டோஸ்' என்ற பெயரில் இ.டி.பி. (.edb) ஃபைல் இருக்கும். விண்டோஸ் 11இல் அதே பெயரில் டி.பி. (.db) ஃபைல். அளவைப் பார்க்க ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து, 'சைஸ் ஆன் டிஸ்க்' வரியைப் பாருங்கள். மேலே உள்ள 'சைஸ்' எண்ணை நம்ப வேண்டாம். இது ஸ்பார்ஸ் ஃபைல் (காலியான பகுதிகள் டிஸ்கில் இடம் பிடிக்காத ஃபைல்) என்பதால் டிஸ்கில் உண்மையில் பிடித்திருக்கும் இடம் வேறாக இருக்கலாம்.

பெரிதாக இருக்கிறதே என்று ஃபைலைக் கையால் அழிக்காதீர்கள். சர்ச் சர்வீஸ் ஓடும்போது அழியாது. நிறுத்திவிட்டு அழித்தாலும், காரணம் சரியாகாதவரை மறுபடி அதே அளவுக்கு வளரும். பெரும்பாலும் காரணம் அவுட்லுக்கின் பெரிய மெயில்பாக்ஸ், அல்லது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் கொண்ட புரோகிராமிங் ஃபோல்டர். கன்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸைத் திறந்தால் எத்தனை ஐட்டம் ஏறியிருக்கிறது என்று மேலேயே தெரியும். 4 லட்சத்தைத் தாண்டினால் வேகம் குறையத் தொடங்கும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. மாடிஃபை பட்டனில் வேண்டாத ஃபோல்டர்களின் டிக்கை எடுத்துவிடுங்கள். இதை முதலில் செய்வதுதான் சரி. பலருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

அப்படியும் வேறு டிரைவுக்கு மாற்ற வேண்டுமென்றால், அதே பெட்டியில் அட்வான்ஸ்டு → இன்டெக்ஸ் லொகேஷன் → செலக்ட் நியூ. டி டிரைவில் ஒரு புது ஃபோல்டரைக் காட்டி ஓகே கொடுங்கள். சர்வீஸ் நின்று மறுபடி தொடங்கும். புது இடம் என்.டி.எஃப்.எஸ். (விண்டோஸ் டிரைவ்களுக்கான வழக்கமான ஃபார்மேட்) வடிவில் உள்ள உள் டிரைவாக இருக்க வேண்டும். பென் டிரைவோ நெட்வொர்க் டிரைவோ ஆகாது. எஸ்.எஸ்.டி.யிலிருந்து பழைய ஹார்டு டிஸ்குக்கு மாற்றினால் தேடல் மந்தமாகும். இடம் உண்மையிலேயே நெருக்கடியாக இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

ஃபோல்டர்களைக் குறைத்த பிறகும் ஃபைல் சுருங்கவில்லை, அல்லது இருக்கும் ஃபைலே தேடலில் வரவில்லை என்றால், அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் ரீபில்டு கொடுங்கள். பழைய இன்டெக்ஸை அழித்து விண்டோஸ் புதிதாகக் கட்டும். ஃபைல்கள் அதிகமென்றால் மணிக்கணக்கில் ஆகும். அதுவரை தேடல் முடிவுகள் அரைகுறையாகத்தான் வரும். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இன்டெக்ஸிங் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாதபடி அமைத்து, இரவில் ஓடவிடுங்கள்.