லெவுர்தா பறிக்கிறீர்களா? மூக்கை நம்பாதீர்கள்

போன ஏப்ரலில் பல்கேரியாவின் ஸ்தாரா பிளானினா மலைச்சரிவுக்கு லெவுர்தா பறிக்க நான்கு புதியவர்களைக் கூட்டிப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எட்டு வருடம் முன்பு நான் செய்த அதே வேலையைச் செய்தார்கள். கொத்தாகப் பிடுங்கி, முகர்ந்து பார்த்து, "பூண்டு வாசனைதான், சரி" என்று பைக்குள் திணித்தார்கள்.

லெவுர்தா என்றால் பல்கேரியாவில் காட்டுப்பூண்டு இலை. ஈரமான பீச் (beech) மரக்காடுகளில் வசந்த காலத்தில் தரையை மூடி வளரும்.

வாசனை போதும் என்று நினைப்பது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. எல்லாரும் சொல்லிக்கொடுப்பது கசக்கி முகரச் சொல்லித்தான். முதல் இலைக்கு அது சரி. நாலைந்து இலை பறித்ததும் விரலெல்லாம் பூண்டு. அப்புறம் எந்த இலையைக் கசக்கினாலும் பூண்டுதான் மணக்கும்.

அந்தக் கூட்டத்துக்குள்ளேயே, பார்க்க அதே மாதிரி இலையோடு மோமினா சல்சா (lily of the valley) முளைத்திருக்கலாம். 'கன்னியின் கண்ணீர்' என்று பொருள். பெயர் அழகு, ஆனால் இதயத்துடிப்பையே குலைக்கும் நஞ்சு. இலை ஒத்திருக்கும் இன்னொரு செடி மிராசோவெத்ஸ் (autumn crocus), அதைவிட மோசம். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் கொல்கிசின்தான் அதிலும். வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டுச் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது.

என் முதல் பையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி செய்தித்தாளில் கொட்டி, ஏழு இலைகளை ஓரமாகத் தள்ளினார். "சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வா" என்றார். வந்து அந்த ஏழையும் அலசிக் கசக்கினேன். வெறும் பச்சைப்புல் வாசனை. அன்று மாலை அரைத்துச் சாப்பிடுவதாக இருந்தேன்.

ஆகவே காம்பைப் பாருங்கள். லெவுர்தா இலை ஒவ்வொன்றும் தனிக்காம்போடு தரையிலிருந்து எழும், இலையின் கீழ்ப்புறம் பளபளப்பில்லாமல் மங்கலாக இருக்கும். மோமினா சல்சாவில் பெரும்பாலும் ஒரே தண்டில் இரண்டு இலை சுற்றிக்கொண்டிருக்கும். மிராசோவெத்ஸ் இலைக்குக் காம்பே கிடையாது, விறைப்பாக நிற்கும். ஒவ்வொரு இலையாகப் பறித்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

அந்த நால்வரின் பையையும் பாறைமேல் கொட்டவைத்தேன். ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை.

கிழங்கோடு பிடுங்குவது

வேண்டாம். விதையிலிருந்து வளர்ந்து பூக்கச் சில வருடம் ஆகும்.

சூப்பில் கொதிக்கவிடுவது

மணம் போய்விடும். அடுப்பை அணைத்தபின் நறுக்கிப் போடுங்கள்.

சந்தையில் லாபாத் வாங்கிவிட்டு லெவுர்தா என்பது

லாபாத் வேறு கீரை. அரிசி வைத்துச் சுருட்டி சார்மி செய்ய நன்றாக இருக்கும். பூண்டு மணம் மட்டும் வராது.