வன்னியில் ஒரு நாள்: நண்பர்களுடன் கோயில்களும் கோட்டை நிலமும் காணச் செல்வோருக்கு

வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ விடியற்காலையில் புறப்படும் நண்பர் குழு ஒன்று, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, வற்றாப்பளை ஆகிய ஊர்களின் கோயில்களைத் தரிசித்து, முல்லைத்தீவில் கோட்டை இருந்த நிலத்தையும் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்பலாம். பயணத்தை ஒழுங்கு செய்பவர் முதலில் கோயில் நேரங்களைக் கவனிக்க வேண்டும். மதியப் பூசை முடிந்ததும் நடை சாத்தப்பட்டு மாலையிலேயே மீண்டும் திறக்கப்படும் என்பதால், கோயில்கள் யாவற்றையும் முற்பகலுக்குள் அடக்கி, கோட்டை நிலத்தையும் கடற்கரையையும் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வதே சரியான ஒழுங்காகும்.

தை முதல் பங்குனி வரையான மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை பலமாக இருக்கும். பேருந்தில் மாறி மாறிச் சென்றால் பாதி நாள் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். பலர் சேர்ந்து ஒரு வான் பிடிப்பது நல்லது. அன்று முழுவதும் மச்சம் தவிர்த்து, மதியத்துக்குக் கட்டுச்சோறு கொண்டுசெல்லுங்கள். ஆண்கள் கோயிலுள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருப்பதால் வேட்டியும் சால்வையும் வசதியானவை.

ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பினால், முல்லைத்தீவு வரை செல்லும் ஏ34 வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமானது. ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயிலைக் காலைப் பூசை நேரத்தில் சென்றடையும்படி புறப்படுங்கள். கமக்காரர் ஒருவர் அறுவடைக்குப் பின் எஞ்சிய ஒட்டுக்கு நெருப்பு வைத்தபோது இங்குள்ள சுயம்பு இலிங்கம் வெளிப்பட்டது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல் உள்ளது. இங்கே அவசரப்படாதீர்கள். 1803 ஆகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஒல்லாந்தர் கட்டிய அக்கோட்டை அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்தது. அதன்பின் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என மூன்று திசைகளிலிருந்தும் ஆங்கிலேயர் படை அனுப்பினர். அவற்றுள் மன்னாரிலிருந்து வந்த கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று அவனை இவ்விடத்தில் தோற்கடித்தது. கல்லில் பொறிக்கப்பட்டது இந்தத் தோல்வி மட்டுமே. அவன் இங்கு இறந்தான் என்று அது கூறவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதால், குழுவில் வரலாறு அறிந்த ஒருவர் வானிலேயே இதனை மற்றவர்களுக்கு விளக்கிவிடுவது நல்லது.

அடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகரை வணங்கிய பின்னரே வற்றாப்பளைக்குச் செல்லுங்கள். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலில் எடுக்கப்படும் தீர்த்தத்தைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்பு நீரிலேயே விளக்கேற்றுவார்கள். அங்கு பொங்கல் நடந்த பின்னரே நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் நடைபெறும். ஆகவே இந்த ஒழுங்கில் செல்பவர் அந்த மரபின் வழியிலேயே செல்கிறார். பொங்கல் நாளிலோ ஊரே திரண்டிருக்கும். அதற்கென்று தனியாக வரவேண்டும், இந்தப் பயணத்தோடு சேர்க்க முடியாது.

மதியப் பூசை கண்டு, கட்டுச்சோறு உண்டு, வெயில் சற்றுத் தணிந்ததும் முல்லைத்தீவு நகருக்குச் செல்லுங்கள். கொத்தளமும் அகழியும் எதிர்பார்த்து வருபவருக்கு இங்கு ஏமாற்றமே கிடைக்கும். எனினும் காலையில் தோல்வியின் இடத்தைப் பார்த்தவர்கள் மாலையில் வெற்றியின் இடத்தில் நின்று, கடலும் களப்பும் எவ்வளவு அருகில் உள்ளன என்பதைக் கண்டால், கோட்டை ஏன் இங்கு கட்டப்பட்டது என்பது விளங்கும். மதில்களைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள், போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய பூநகரிக் கோட்டையின் இடிபாடுகளுக்கு வேறொரு நாளில் செல்லலாம்.

முள்ளிவாய்க்கால் அருகில்தான் இருக்கிறது என்று அதனையும் வழியிலுள்ள ஓரிடமாகச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அங்கு செல்வதானால் அதற்காகவே செல்ல வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

எங்கு இறங்கினாலும் பாவனையிலுள்ள பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் ஓரடியும் முன்வைக்க வேண்டாம். படைமுகாம்களைப் படம் எடுப்பதைத் தவிருங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டு வீதிகளில் இருட்டியபின் யானை குறுக்கிடக்கூடும்; எனவே பொழுதுபடுமுன்னரே மாங்குளத்தை அடையும்படி கடற்கரையிலிருந்து புறப்பட்டுவிடுங்கள். வடக்கே திரும்புவோர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வீட்டாருக்குக் கச்சான் வாங்கிச் செல்லலாம்.