எந்த நெல் குலை நோயைத் தாங்கும்? வீட்டுப் பின்னால் ஒரு சோதனைப் பாத்தி

சில வருசத்துக்கு முன்னால் ஒரு கும்பப்பூ, அதாவது நாஞ்சில் நாட்டின் இரண்டாம் போகம். தை பிறக்கப் பத்து நாள் இருந்தது. வரப்பில் நின்று பார்த்தபோது எங்கள் வயல் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பாட்டா இறங்கி ஒரு கதிரைப் பிடித்து இழுத்தார். கதிர் தொடங்கும் கழுத்தில் கறுத்த வளையம். அந்த இடத்திலேயே முறிந்து கையோடு வந்தது. “பழுத்துல்லா நிக்குன்னு நெனச்சியாலே மக்கா? அம்புட்டும் பதரு” என்றார்.

இலையையும் கதிர்க் கழுத்தையும் பிடிக்கும் குலை நோய் அது, கழுத்தில் வந்திருந்தது. கழுத்து கறுத்த பிறகு எந்த மருந்தும் சத்தை மணிக்குக் கொண்டுபோகாது. அதனால்தான் நாஞ்சில் நாட்டில் புதிதாக நெல் போட வருகிறவர்களிடம் மருந்துக் கணக்குக்கு முன்னால் ரகக் கணக்கைப் பாருங்கள் என்று சொல்லுகிறேன். அதற்கு ஒரு சின்னப் பாத்தி போதும்.

இந்த நோயைக் கொண்டுவருவது மேக்னபோர்தே ஒரைசே என்னும் பூஞ்சை. அதன் வித்து பனி ஈரத்தில் இலைமேல் ஒட்டி, முளைத்து, நுனியில் ஒரு குமிழைக் கட்டும். கார் டயர் காற்றைப் போல சுமார் 40 மடங்கு அழுத்தம் அந்தக் குமிழுக்குள் ஏறும். அந்த வேகத்தில்தான் இலைத் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இலை ராத்திரி முழுக்க நனைந்திருந்தால் போதும். நம் மார்கழிப் பனி அதற்கென்றே பெய்வதுபோல இருக்கும்.

முதல் வேலை, இடம். நடவு வயலுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். நோயை நாமே வரவழைக்கப் போகிறோம். வீட்டுப் பின்னால், காலை வெயில் தாமதமாக விழும் இடம் நல்லது. ஒரு மீட்டர் அகலத்தில், ஒரு சாண் உயரம் மண் ஏற்றிப் பாத்தி கட்டுங்கள். தண்ணீர் கட்டி நிறுத்தக் கூடாது. மேட்டு மண்ணில் வளரும் நாற்றுக்குத்தான் குலை நோய் பலமாக வரும்.

கார்த்திகைக் கடைசியில் விதையுங்கள். 50 செ.மீ. நீளத்தில் வரிசைகள், ஒன்றுக்கொன்று 10 செ.மீ. தள்ளி, ஒரு ரகத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 5 கிராம் விதை. அம்பை 16, திருப்பதிசாரம் 5, பக்கத்து ஏலாவில் (வயல்வெளியில்) நன்றாக நின்றது என்று யாராவது சொன்ன ரகம் எல்லாம் போடலாம். திருப்பதிசாரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேறு ரகங்களையும் கேட்டுப் பாருங்கள். விதைக்கு மருந்து கலக்காதீர்கள். கலந்தால் சோதனையே கெட்டுப்போகும்.

பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசையும், இடையில் ஐந்து ரகத்துக்கு ஒரு வரிசையும் நோய்க்குச் சுலபமாக விழும் நெல்லைப் போட வேண்டும். ஐ.ஆர். 50, கோ 39 இரண்டும் அப்படிப்பட்டவை. நம் அம்பை 16-க்குக் கோ 39 ஒரு பெற்றோர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விதை கிடைக்காவிட்டால் உங்கள் வயலில் அதிகம் அடிபட்ட ரகமே போதும்.

சதுர மீட்டருக்கு 25 கிராம் யூரியா, இரண்டாகப் பிரித்து. வயலில் செய்யக் கூடாததை இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். அந்தக் கும்பப்பூவில் உரக்கடையில் ஒருவர் சொன்னதைக் கேட்டு நான் கூடுதலாக ஒரு மூடை யூரியா வீசினேன். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. நோய் முதலில் பிடித்தது அந்த வயலைத்தான்.

15-ஆம் நாள் நோய் பிடித்த இலைகளைத் துண்டாக நறுக்கிச் சாயங்காலம் பாத்திமேல் தூவுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, ராத்திரி பாலிதீன் ஷீட்டால் மூடிவையுங்கள்.

பத்து நாளில் புள்ளி தெரியும். இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு முனையும் கூராக, கண்போல நீண்டு, நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு என்று இருந்தால் குலை நோய். எள்ளுபோல முட்டையாக, சுற்றி மஞ்சள் படர்ந்திருந்தால் அது செம்புள்ளி என்னும் வேறு நோய், கணக்கில் சேர்க்காதீர்கள்.

மதிப்பெண் 0 முதல் 9 வரை. குண்டூசி முனை அளவு பழுப்புப் புள்ளி மட்டும் என்றால் 1. ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உருண்டைப் புள்ளி என்றால் 3. கண் வடிவப் புள்ளி வந்துவிட்டாலே 4 அல்லது அதற்கு மேல். இலை முக்கால்வாசிக்கு மேல் கருகினால் 9. சுற்று வரிசை 8, 9-ஐத் தொட்ட பிறகுதான் மற்ற வரிசைகளுக்கு மதிப்பெண் போட வேண்டும். சுற்று வரிசையே பச்சையாக நின்றால் நோய் வரவில்லை என்றுதான் அர்த்தம். ரகம் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

3-க்குள் நிற்கும் வரிசைகளை வேரோடு எடுத்துத் தனியாக ஓர் ஓரத்தில் நடுங்கள். மீதியைக் குழி தோண்டிப் புதையுங்கள், சானல் தண்ணீரில் வீசாதீர்கள். இலையில் தாங்கிய ரகம் கழுத்தில் தாங்காமலும் போகலாம், அதனால் கதிர் வந்து முற்றும்வரை பார்த்தே தீர வேண்டும்.

தேறியதிலும் ஒரே ரகத்தை வயல் முழுக்கப் போடாதீர்கள். பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கும். இன்று தாங்கும் நெல் நாலைந்து வருசத்தில் தோற்றுப்போவது உண்டு.

கை பழகியவர்களுக்கு இன்னொன்று. தாங்கும் நெல்லில் சோறு பிடிக்கவில்லை என்றால், பிடித்த ரகத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். பாதி வெளிவந்த கதிரில், நாளைக்குப் பூக்கப்போகும் மணியின் மேல்பாகத்தைச் சாயங்காலம் கத்தரித்து, உள்ளே உள்ள ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டுக் காகித உறை போடுங்கள். மறுநாள் காலை பத்து மணி வாக்கில், தாங்கும் ரகத்தின் பூத்த கதிரை அதன்மேல் உதறுங்கள். 25, 30 நாளில் விதை. அதை விதைத்து வரும் செடியின் விதைதான் இரண்டாம் தலைமுறை. அங்கேதான் குணங்கள் பிரியும். தாங்கும் குணம் ஒரே ஓங்கு மரபணுவில் (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே குணத்தைக் காட்டும் மரபணுவில்) இருந்தால் 100 நாற்றில் 75 வாக்கில் தேறும். தேறியதில் நல்ல செடிகளின் விதையைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, கார்த்திகைக் கடைசியில் மறுபடியும் அதே பாத்தியில் வரிசை போடுங்கள். ஐந்தாறு தலைமுறையில் வரிசை முழுக்க ஒரே மாதிரி நிற்கும்.